இரண்டு பேரும் மிதிக்க வேண்டிய சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் "ஏ1" என்று சொன்னால் பலருக்கும் விளங்குவது ஒன்றுதான். கலியாணம் முற்றாகிவிட்டது, மாப்பிள்ளை ஜேர்மனியில், பிள்ளை இனிப் பாஷைச் சோதினை எடுக்கவேண்டும். ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர்கள், 2007 ஆம் ஆண்டிலிருந்து, பொதுவாக இங்கே இருக்கும்போதே அந்த அடிப்படை மட்டத்தைத் தேறிக் காட்டவேண்டும். அதனால் ரியூட்டரி மதில்களில் இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் பக்கத்தில் ஜேர்மன் வகுப்பு நோட்டீசும் ஒட்டிக் கிடக்கிறது.

என் பெறாமகளும் அப்படி ஒரு வகுப்புக்குப் போனாள். மூன்று மாதத்தில் வினைச்சொல் அட்டவணை முழுவதும் தண்ணீர்பட்ட பாடு. ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்:

"எங்கை பிள்ளை, உன்ரை பேரை ஜேர்மனிலை எழுத்துக் கூட்டிச் சொல்லு பாப்பம்."

சோதினையின் பேச்சுப் பகுதியில் இதைக் கேட்பார்கள். எங்கள் பெயர்கள் தெரியும்தானே, தகப்பன் பெயரையும் சேர்த்தால் ஒரு முழம். அவள் தொடங்கினாள், மூன்றாம் எழுத்தில் நின்றுவிட்டாள். ஆங்கில அரிவரியின் முதல் எழுத்தை நாங்கள் "ஏ" என்போம். ஜேர்மன்காரருக்கு அது "ஆ". அவர்களிடம் "ஏ" என்றால் ஐந்தாவது எழுத்தை எழுதிவிடுவார்கள். நாங்கள் ஐந்தாவது எழுத்துக்கு "ஈ" என்றால் அவர்கள் ஒன்பதாவதை எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் பழகிய ஆங்கில வாய், பெயரையே வேறொருவரின் பெயராக்கிவிடும்.

"ரீச்சர் சொல்லித் தந்தவா சித்தி. தெரியும். வாய்தான் வருகுதில்லை."

வராதுதான். வகுப்பில் நாற்பது பேர், ஆசிரியர் ஒருவர். அவள் சொல்வதைக் கேட்டு ஒரு ஜேர்மன் காது எழுதிப் பார்த்ததில்லை. புத்தகமும் வகுப்பும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் காதைத் தராது. அதைக் காசில்லாமல் தேடிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. மொழிப் பரிமாற்றம் என்று பெயர். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நீங்கள் படிக்க விரும்பும் மொழி ஒருவருக்குத் தாய்மொழி. உங்கள் தாய்மொழியைப் படிக்க அவர் விரும்புகிறார். இருவரும் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ குரல் பதிவிலோ வீடியோவிலோ பழகி, பாதி நேரம் அவர் மொழியிலும் பாதி நேரம் உங்கள் மொழியிலும் கதைத்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்துகிறீர்கள். சம்பளம் இல்லை. ஆசிரியர், மாணவர் என்ற பேதமும் இல்லை. மணிக்கூட்டின் பெரிய கம்பி பாதிச் சுற்றுச் சுற்றியதும் ஆசிரியர் மாணவராகிவிடுவார், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இதற்கு "தாண்டெம்" என்று பெயர். இரண்டு இருக்கை, இரண்டு சோடி மிதியுள்ள சைக்கிளின் பெயர் அது. இரண்டு உலகப் போரிலும் எதிரெதிராக நின்ற பிரான்சும் ஜேர்மனியும் 1963 இல் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு இரு நாட்டு இளைஞரையும் ஒன்றாகச் சேர்த்து மொழி பழக்கும் முகாம்கள் நடந்தன. அறுபதுகளின் கடைசியில் இந்த முறையும் பெயரும் அங்கேதான் உருவாகின. தொண்ணூறுகளில் ஜேர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகம் இதை மின்னஞ்சல் வழியாகச் செய்யும் வலையமைப்பு ஒன்றை நடத்தியது. இன்று போனில் இருக்கும் பரிமாற்றச் செயலிகளுக்கு அதுதான் பெரியம்மா முறை.

சைக்கிள் ஊர்க்காரருக்கு இந்த உவமை உடனே விளங்கும், ஆனால் பிழையாக விளங்கவும் கூடும். நாங்கள் பழகியது டபிள்ஸ். ஒருவர் பாரிலோ கரியரிலோ இருப்பார், மற்றவர் மூச்சு வாங்க மிதிப்பார். மொழிப் பரிமாற்றத்துக்குப் போகும் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பாரில் ஏறி இருக்கத்தான் பார்க்கிறார்கள். "எனக்கு ஜேர்மன் சொல்லித் தாருங்கோ" என்று போய் நிற்பார்கள். கொஞ்ச நாளில் மற்றப் பக்கத்தில் இருந்து பதில் வராது. மிதித்தவருக்குக் கால் உளைந்துவிட்டது.

தமிழுக்கு யார் வருவார்?

"எங்கடை தமிழை ஆர் சித்தி படிக்கப் போகினம்?" பெறாமகள் கேட்ட முதல் கேள்வி இது. பலரும் கேட்பது. பிரெஞ்சோ ஜப்பானியமோ கையில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு கூச்சம். சந்தைக்குக் கொண்டுபோகச் சரக்கு இல்லை என்ற எண்ணம்.

சரக்கு இருக்கிறது. வாங்குகிறவரும் இருக்கிறார், பல வீடுகளில் உறவுமுறையிலேயே இருக்கிறார். பாரிஸில், சூரிச்சில், ஒஸ்லோவில், டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளை எடுங்கள். அம்மம்மா கதைப்பது விளங்கும், திருப்பிக் கதைக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வயதில் விட்டுவிட்டு இருபத்தைந்தாம் வயதில் கவலைப்படுகிற பிள்ளைகள். அவர்களின் ஜேர்மனோ பிரெஞ்சோ நோர்வீஜியனோ தாய்மொழிக்காரரின் மொழி. அவர்களுக்கு வேண்டிய தமிழோ பாடப்புத்தகத் தமிழ் அல்ல, வீட்டுத் தமிழ், எங்கள் தமிழ். இதைவிடப் பொருத்தமான சோடி எங்கே கிடைக்கும்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. சொந்த மச்சாளோடு தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் கதை ஊர்ப் புதினத்துக்குப் போய்விடும், அதுவும் தமிழில். மச்சாளின் சிநேகிதியைப் பிடியுங்கள். கொஞ்சம் அந்நியம் இருந்தால்தான் இது நடக்கும்.

சுவிஸில் இருப்பவர்களோடு பழகுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சுவிஸின் ஜேர்மன் பகுதியில் வீட்டிலும் தெருவிலும் கதைப்பது சுவிஸ் ஜேர்மன் என்ற வட்டார வழக்கு. "குரூயெற்சி" என்று வணக்கம் சொல்வார்கள். சோதினையில் கேட்பது பொது ஜேர்மன். சூரிச் அண்ணா போனில் சொல்லித் தந்ததைக் கொழும்பில் கோத்தே நிறுவனத்துச் சோதினை மேசையில் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். எழுதும்போது மட்டும் அவர்களும் பெரும்பாலும் பொது ஜேர்மனில்தான் எழுதுவார்கள். ஆகவே சுவிஸ்காரரோடு கடிதம், ஜேர்மன்காரரோடு பேச்சு என்று பிரித்துக்கொள்வது புத்தி.

உறவுக்கு வெளியிலும் ஆட்கள் உண்டு. பாரிஸின் இனால்கோ கல்லூரியில் தமிழ் ஒரு பாடம். ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் தமிழ் ஆய்வு நடந்தது. தமிழ் மாப்பிள்ளையைக் கட்டிய வெள்ளைக்காரப் பெண் மாமியாரோடு கதைக்கப் படிப்பாள். இங்கே வேலை செய்துவிட்டுப் போன தொண்டு நிறுவனக்காரர் விட்ட குறைக்குப் படிப்பார். இது புதிதும் அல்ல. பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து வசனத்தைச் செப்பனிட்ட இளைஞர் நல்லூர் ஆறுமுக நாவலர். அது சம்பள வேலைதான், என்றாலும் தமிழைக் கேட்டு யாழ்ப்பாணத்துப் படியேறிய அந்நியர் வரலாறு எங்களுக்குப் பழையது.

அப்படி வருபவர்கள் பலர் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் தொடங்கியவர்களாக இருப்பார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பெறாமகளுக்குக் கிடைத்த சிநேகிதி ஸ்ருட்கார்ட் பக்கத்து ஆள், தாதியாக வேலை. அவளுடைய முதல் தமிழ்க் கடிதம் இப்படித் தொடங்கியது: "உங்களோடு பேச மிகவும் ஆசையாக இருக்கிறது."

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் ஊரில் உரையாடுவதைக் கதைப்பது என்போம். பேசுவது என்றால் ஏசுவது. "அம்மா பேசினவா" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால் அம்மா அன்போடு உரையாடினார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி ஏச ஆசைப்பட்டு எழுதியிருக்கிறாள்! பெறாமகள் அதை அவளுக்கு விளங்கப்படுத்தி எழுதினாள். "அங்கே அப்படிச் சொல்வது சரி, எங்கள் பக்கத்தில் கதைக்கிறது என்று சொல்லுங்கள்." அன்றுதான் இவளுக்கு உறைத்தது, தன்னிடம் சொல்லிக் கொடுக்க ஏதோ இருக்கிறதென்று. அதற்குப் பிறகு "ஆர் படிக்கப் போகினம்" என்ற கேள்வி வீட்டில் எழவில்லை.

ஒரு கடிதத்துக்குள்ளே

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு வசனத்தை வைத்துக் காட்டலாம்.

தை மாதம். விடியக்காலைப் பனி. பெறாமகள் எழுதுகிறாள்: இங்கே இப்போது இருபத்திரண்டு பாகை, எனக்குக் குளிருது. ஜேர்மனில் அவள் எழுதியது "இஹ் பின் கால்ட்". ஆங்கிலத்தில் "ஐ ஆம் கோல்ட்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. இலக்கணம் சரி, சொற்கள் சரி, எழுத்துப் பிழைகூட இல்லை.

சிநேகிதியிடமிருந்து பதில் வந்தது. இருபத்திரண்டு பாகைக்குக் குளிரா என்ற கேலி முதலில். பிறகு திருத்தம். "நீ எழுதியதை வாசித்தால் நீ நெஞ்சில் ஈரமில்லாதவள் என்பது போல இருக்கும். நாங்கள் 'மீர் இஸ்ட் கால்ட்' என்போம்." அதிலுள்ள "மீர்" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? "எனக்கு".

எனக்குக் குளிருது. மீர் இஸ்ட் கால்ட். நான்காம் வேற்றுமை, இரண்டிலும் அதே இடத்தில். தமிழிலிருந்து நேரே போயிருந்தால் சரியான வாசலில் இறங்கியிருப்பாள். ஆங்கிலத்துக்குள்ளால் சுற்றிப் போனதில் வழி தவறியது. பெயரை எழுத்துக் கூட்டியபோது நடந்ததும் இதுவே. "ஆ", "ஈ" எல்லாம் எங்கள் வாயில் பிறந்த ஓசைகள்.

அவள் அதோடு விடவில்லை, வேறு எங்கே இப்படி வரும் என்று கேட்டு எழுதினாள். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பதற்கு "மீர் கெஃபேல்ட் தாஸ்" வந்தது, அங்கேயும் எனக்கு. உற்சாகத்தில் பசிக்கும் அதையே போட்டாள், அது பிழைத்தது. ஜேர்மன்காரர் பசியைத் தங்களிடம் "வைத்திருப்பவர்கள்", "இஹ் ஹாபெ ஹுங்கர்" என்பார்கள். பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். "ஏனென்றால்" என்று தொடங்கும் துணை வசனத்தில் ஜேர்மன் வினை கடைசிக்குப் போய்விடும் என்பதைக் கண்டபோது அவளுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்ததாம். மற்ற மாணவர்களுக்குத் தலைவேதனை தரும் இடம் அது.

ஆராய்ச்சிக்காரர் இதற்கு வைத்திருக்கும் விளக்கம் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மெரில் ஸ்வெய்ன், பிரெஞ்சு வழியில் வருடக்கணக்காகப் படித்த ஆங்கிலப் பிள்ளைகளைக் கவனித்தார். கேட்டால் விளங்கும், கதைத்தால் இலக்கணம் நொண்டும். காதுக்குள் போவது போதாது, வாயாலும் கையாலும் வெளியே தள்ளும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பது தெரியவரும் என்று 1985 இல் எழுதினார். அமெரிக்கரான ரிச்சர்ட் ஷ்மிட் பிரேசிலில் சில மாதம் தங்கிப் போர்த்துக்கீசம் படித்தபோது நாட்குறிப்பு எழுதினார். பின்பு பார்த்தால், தன் வாயில் வந்தவை பெரும்பாலும் பிறர் பேச்சில் தான் கவனித்துக் குறித்துக்கொண்டவை என்று கண்டார். வெளியே தள்ளு, இடைவெளியைக் கவனி. "இஹ் பின் கால்ட்" என்று எழுதி அனுப்பியது முதலாவது. "மீர்" கண்ணில் பட்டது இரண்டாவது. வகுப்பில் "மீர்" அட்டவணையில் இருந்தது, பத்துத் தரம் பாடமாக்கியிருந்தாள். கண்ணில் மட்டும் படவில்லை.

அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர் பேச்சுக்கு முன் கடிதத்தில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வேன். பேச்சில் திருத்தம் காற்றோடு போய்விடும். வெட்கம் வேறு. கடிதத்தில் உங்கள் வசனமும் அவரின் வசனமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், பத்துத் தரம் பார்க்கலாம்.

நீலக் கடதாசிக் காலம்

என்னுடைய பேனா நட்பு எண்பதுகளின் தொடக்கத்தில். பத்திரிகையில் பேனா நண்பர் பகுதியில் பெயர், வயது, பொழுதுபோக்கு, முகவரி போடுவார்கள். முத்திரை சேர்த்தல் என்று எழுதாதவர் இல்லை. எனக்குக் கிடைத்தவள் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. தபால் கந்தோரில் நீல நிற ஏரோகிராம் வாங்கி, இடம் போதாதென்று ஓரத்திலெல்லாம் பொடி எழுத்தில் நிரப்பி, மடித்து ஒட்டுவேன். போய்ச் சேர இரண்டு மூன்று கிழமை, பதில் வர அவ்வளவு. பிறகு யுத்தம். கடிதங்கள் மாதக்கணக்காகச் சுணங்கின, இடம்பெயர்ந்ததில் முகவரிக் கொப்பியும் போய்விட்டது.

அந்த நட்பில் நான் டேனிஷ் ஒரு சொல்லும் படிக்கவில்லை. இருவரும் எழுதியது ஆங்கிலத்தில். இருவருக்கும் அது இரவல் மொழி, ஒருவரை ஒருவர் திருத்த வழியில்லை. அது பேனா நட்பு, மொழிப் பரிமாற்றம் அல்ல. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1952 முதல் 2008 வரை இயங்கிய சர்வதேச இளைஞர் சேவை உலகெங்கும் பேனா நண்பர்களைச் சோடி சேர்த்து வைத்தது, அதுவும் நட்புக்காக. 2005 இல் போர்த்துக்கலில் தொடங்கிய போஸ்ட்குரொசிங் தபால் அட்டை விளையாட்டும் அப்படித்தான். நீங்கள் ஒருவருக்கு அட்டை அனுப்ப, வேறொருவரின் அட்டை உங்களுக்கு வரும். நல்ல பொழுதுபோக்கு. பாஷை படிக்க அது உதவாது. சொந்த மொழியைத் தருகிறவர் எதிரில் இருந்தால்தான் பரிமாற்றம்.

பழைய தபாலின் ஒரு குணத்தை மட்டும் இழந்திருக்கக்கூடாது, அது தாமதம். மூன்று கிழமைக்கு ஒரு கடிதம் என்றால் ஒவ்வொரு வசனத்தையும் யோசித்துத்தான் எழுதுவோம். இதை விளங்கிக்கொண்ட செயலி ஒன்று இருக்கிறது, ஸ்லோலி. நீங்கள் எழுதிய கடிதம் தூரத்துக்கேற்ப மணிக்கணக்காகவோ நாட்கணக்காகவோ கழித்துத்தான் மற்றவருக்குப் போய்ச் சேரும். ஏரோகிராம் மடித்த தலைமுறைக்கு இது சிரிப்பாக இருக்கும். தொடங்குபவருக்கு நல்லது.

நேரடி அரட்டைக்கு ஹலோடோக், தாண்டெம் என்ற செயலிகளைப் பலர் பாவிக்கிறார்கள். தாண்டெம் ஜேர்மனியில் உருவானது. திருத்துவதற்கென்றே தனி வசதி இவற்றில் உண்டு, பிழையான வசனமும் திருத்தியதும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். எதில் சேர்ந்தாலும் "என் தாய்மொழி" என்ற இடத்தில் தமிழைப் போடுங்கள். ஆங்கிலத்தைப் போட்டுவிட்டு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வெளிக்கிட்டால், நீங்களும் பாவம் அவரும் பாவம்.

தொடங்குகிறவர் கவனத்துக்கு

ஒன்றுமே தெரியாமல் போகாதீர்கள். எழுத்துக்கள், எண்கள், தன்னை அறிமுகம் செய்யும் ஐந்தாறு வசனங்கள், ஒரு நூறு சொல்லாவது கையில் இருக்கவேண்டும். அரிவரி சொல்லித் தரும் பொறுமை எல்லோருக்கும் வராது. அது வகுப்பின் வேலை.

முதல் மடல் மிக முக்கியம். "ஹாய், ஹவ் ஆர் யூ" என்று வரும் பத்துப் பேருக்கு அவர் ஏற்கெனவே பதில் போடாமல் விட்டிருப்பார். உங்களைப் பற்றி மூன்று வசனம், அவர் எழுதியதில் ஏதாவது ஒன்றைப் பிடித்து ஒரு கேள்வி, நீங்கள் தரக்கூடியது என்ன என்று ஒரு வசனம். உதாரணமாகத் தமிழில் சொன்னால்: "நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். வைகாசியில் ஏ1 சோதினை. உங்கள் படத்தில் பின்னால் தெரிவது என்ன மரம்? நீங்கள் தமிழ் எழுத்துப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள், ழகரத்துக்கு நான் குரல் பதிவு அனுப்பவா?" இதை அவர் மொழியில் எழுதுங்கள், பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. ஏ1 சோதினையின் எழுத்துப் பகுதியில் கேட்பதும் ஏறக்குறைய 30 சொல்லில் ஒரு குறிப்புத்தான். ஒவ்வொரு மடலையும் அந்த அளவில் எழுதினால் சோதினைக்குத் தனியாகப் பழகத் தேவையில்லை.

ஐந்தாறு பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள், ஒருவர் நிலைப்பார். இதில் மனம் நோக ஒன்றும் இல்லை.

நேரத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதைத் தொடக்கத்திலேயே கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலம் ஜேர்மன், அலாரம் அடித்ததும் அரை மணித்தியாலம் தமிழ். கலந்து கதைத்தால் பலமான மொழி மற்றதை விழுங்கிவிடும். எத்தனை பிழை திருத்துவது என்பதையும் கதையுங்கள். கடிதம் முழுவதையும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பினால் அடுத்த கடிதம் வராது. ஒரு மடலுக்கு மூன்று பிழை என்று பெறாமகளும் சிநேகிதியும் வைத்துக்கொண்டார்கள், பொருளை மாற்றும் பிழைகள் மூன்று. மற்றவை கிடக்கட்டும்.

திருத்தம் வந்த பிறகு செய்யும் வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாள் கழித்து, திருத்திய கடிதத்தைப் பார்க்காமல் கொப்பியில் திரும்ப எழுதிப் பாருங்கள். பழைய பிழை திரும்பவும் வந்து நிற்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

கூகுளில் மொழிபெயர்த்து அனுப்பவேண்டாம். அவர் மினக்கெட்டுத் திருத்துவது கூகுளின் வசனத்தை, உங்களுடையதை அல்ல. செயற்கை நுண்ணறிவோடு அரட்டை அடித்துப் பழகலாமே என்று கேட்பவர்களுக்கு: பழகலாம், இரவு இரண்டு மணிக்கும் அலுக்காமல் பதில் தரும். ஆனால் அதற்கு உங்கள் தமிழ் தேவையில்லை, அடுத்த கிழமை நீங்கள் வராவிட்டால் அது ஏங்கப்போவதும் இல்லை. மறுமுனையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதுதான் சோம்பல் பிடித்த ஞாயிற்றுக்கிழமையிலும் என் பெறாமகளை மேசையில் இருத்தியது.

நேரக் கணக்கு எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, என்றாலும்: ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் குளிர்காலத்தில் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், கோடையில் மூன்றரை. பங்குனியில் வரும் மார்ச் கடைசி ஞாயிறும் ஐப்பசியில் வரும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள். அந்த இரண்டு கிழமையிலும் யாராவது ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வீணாக இருப்பது வழக்கம். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணி எங்களுக்கு வசதி. அங்கே காலை பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். இந்த இடங்களில் பாஷை படிக்க வராதவர்களும் திரிகிறார்கள். இரண்டாம் நாளே காதல் சொல்பவர், படம் கேட்பவர், வட்ஸ்அப் இலக்கத்துக்கு அவசரப்படுபவர் எல்லோரையும் அந்த நிமிடமே தடை செய்யுங்கள். "உனக்குப் பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், சுங்கத்தில் காசு கட்டி எடு" என்பது பழைய கண்ணி, இன்னமும் ஆட்கள் விழுகிறார்கள். காசு, அடையாள அட்டைப் படம், பாஸ்போட் விபரம், வீட்டு முகவரி எதுவும் போகக்கூடாது. விசா எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவர் பாஷை நண்பர் அல்ல. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தெரிந்து, கூடத்தில் இருந்து கதைக்கட்டும்.

கடைசியாக, வெளிநாடு போகும் எண்ணமே இல்லாதவர்களுக்கு. பரிமாற்றத்துக்கு மிகக் கிட்டிய ஆள் கடல் கடந்து இருக்கவேண்டும் என்றில்லை. அரச வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டாம் மொழிச் சோதினை உண்டு. சிங்களம் தெரியாமல் எங்கள் பக்கத்து உத்தியோகத்தர் படும் அதே பாட்டைத் தமிழ் தெரியாமல் காலியிலும் குருநாகலிலும் ஒருவர் படுகிறார். இருவரும் தனித்தனியே ரியூசனுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் அன்றாடத் தேவை. என் பழைய கந்தோர்ச் சிநேகிதி ஒருத்தி அனுராதபுரத்து உத்தியோகத்தர் ஒருவரோடு கிழமைக்கு இரண்டு குரல் பதிவு என்று ஒரு வருடம் செய்தாள், இருவரும் தேறினார்கள்.

அவள் எனக்குப் போட்டுக் காட்டிய முதல் பதிவில் அந்த அனுராதபுரத்து உத்தியோகத்தர் அம்மா நுவரெலியாவில் நின்றுகொண்டு, முதலில் சிங்களத்திலும் பிறகு தட்டுத்தடுமாறித் தமிழிலும் சொன்னார்: "மட்ட சீத்தலய். எனக்கு... குளிருது." மட்ட என்றால் எனக்கு. பக்கத்தில் இருந்த பெறாமகள் கொப்பியை இழுத்து, "மீர்" என்று எழுதியிருந்த பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டாள்.